ஸ்டடியில் சேரப் போகிறீர்களா? முதலில் அவர்களுடைய கேள்வியைக் கேளுங்கள்

போன ஆடியில் கோவிலில் கூழ் ஊற்றிய ஞாயிற்றுக்கிழமை, வரிசையில் எனக்கு முன்னால் நின்ற அக்கா கைப்பையிலிருந்து சுருட்டிய ஒரு கட்டுத் தாளை எடுத்து என் கையில் திணித்தார். "இதுல கையெழுத்துப் போடலாமா, பார்த்துச் சொல்லு." பதினெட்டுப் பக்கம். சர்க்கரை நோய் பற்றிய ஒரு ஆராய்ச்சியில் சேர ஒப்புதல் கேட்கும் படிவம். முதல் இரண்டு பக்கத்தில் பேனாக் கோடுகள் இருந்தன. கடைசிப் பக்கத்தில் கையெழுத்துப் போடும் இடத்தைச் சுற்றி விரல் அழுக்கு. நடுவில் இருந்த பதினைந்து பக்கமும் அச்சகத்திலிருந்து வந்த மாதிரியே இருந்தன.

அந்த அக்காவைக் குறை சொல்ல நான் யார்? என் முதல் படிவத்தை நான் அவ்வளவு கூடப் படிக்கவில்லை.

என்னைப் பற்றிக் கொஞ்சம். 1999-இல் கும்பகோணத்திலிருந்து கல்யாணமாகி தென்னாப்பிரிக்காவின் டர்பனுக்கு வந்தேன். வீடு சாட்ஸ்வொர்த்தில். வேலை ஒரு மசாலாக் கடையில் கணக்கு எழுதுவது. சர்க்கரை வந்து பதினோரு வருடம் ஆகிறது. ஒரு ஆராய்ச்சியில் சேர்க்க முடியாது என்று திருப்பி அனுப்பப்பட்டேன், அடுத்ததில் மூன்று வருடம் இருந்தேன். இப்போது ஒரு ஆய்வுக் குழுவின் சமூக ஆலோசனைக் குழுவில் மாதம் ஒரு முறை உட்கார்ந்து டீ குடித்துச் சண்டை போடுகிறேன். டாக்டர் இல்லை, நர்ஸ் இல்லை. அதனால் இதை நாற்காலியின் இந்தப் பக்கம் உட்கார்ந்தவள் சொல்வதாக எடுத்துக்கொள்ளுங்கள். இந்த மாதிரி மருத்துவ ஆராய்ச்சியை இங்கே எல்லோரும் 'ஸ்டடி' என்றுதான் சொல்வார்கள், நானும் அப்படியே எழுதுகிறேன்.

எங்கள் வீட்டுக்காரர் குடும்பம் மாதிரி இங்கேயே நாலைந்து தலைமுறையாக இருக்கும் தமிழர்களுக்கு இங்கிலீஷ் படிவம் சிரமமில்லை. நான் எழுதுவது சமீபத்தில் ஊரிலிருந்து வேலைக்கு வந்தவர்களுக்கும், அவர்களோடு வந்து தங்கிவிட்ட அப்பா அம்மாக்களுக்கும்.

கேட்க வேண்டிய முதல் விஷயம்

"இதனால் எனக்குக் குணமாகுமா?" என்றுதான் எல்லோரும் ஆரம்பிப்பார்கள். நானும் அப்படித்தான் ஆரம்பித்தேன். எதிரில் இருந்த ஜூலு சிஸ்டர் பேனாவை மூடி வைத்துவிட்டு, "மாமா, அது தெரிந்திருந்தால் நாங்கள் ஸ்டடியே நடத்த மாட்டோம்" என்றார். (மாமா என்றால் இங்கே அம்மா. முதல் வருடம் எனக்கு அது பெரிய குழப்பம்.)

ஆகவே கேட்க வேண்டியது வேறு. "உங்களுக்குத் தெரியாதது என்ன? எந்தக் கேள்விக்குப் பதில் தேடுகிறீர்கள்?" ஒரு ஸ்டடியில் ஆயிரம் கணக்கெடுப்பு இருந்தாலும் முதன்மைக் கேள்வி ஒன்றுதான் இருக்கும். அதை இரண்டு வாக்கியத்தில் உங்களுக்குப் புரிகிற மாதிரி அவர்களால் சொல்ல முடியவில்லை என்றால் படிவத்தை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிடுங்கள்.

நல்ல கேள்வி எப்படி இருக்கும் என்பதற்கு இந்த ஊரிலேயே நடந்த ஒன்றைச் சொல்கிறேன். டிபியும் ஹெச்ஐவியும் ஒரே ஆளுக்குச் சேர்ந்து வருவது குவாசுலு-நட்டால் என்ற இந்த மாகாணத்தில் சாதாரணம். அப்படி வந்தவருக்கு ஹெச்ஐவி மருந்தை எப்போது தொடங்குவது? டிபி மருந்தோடு சேர்த்தேவா, டிபி முடிந்த பிறகா? சேர்த்துக் கொடுத்தால் மருந்தும் மருந்தும் மோதும், மாத்திரை எண்ணிக்கை கூடும், உடம்பின் எதிர்ப்பு சக்தி திடீரென்று விழித்துக்கொண்டு நோயாளியையே போட்டு வாட்டும் என்று பல டாக்டர்கள் பயந்தார்கள். காத்திருந்தால் அதற்குள் ஆளே போய்விடுவார் என்று மற்றவர்கள் பயந்தார்கள். இரண்டு பயத்திலும் நியாயம் இருந்தது. கேப்ரிசா என்ற ஆராய்ச்சி மையம் 2005-இல் தொடங்கி டர்பன் நகரத்து டிபி கிளினிக்கில் 642 பேரைச் சேர்த்து மூன்று பிரிவாகப் பிரித்தது. இரண்டு பிரிவுக்கு டிபி சிகிச்சையின் போதே ஹெச்ஐவி மருந்து, ஒன்றுக்குச் சீக்கிரம், ஒன்றுக்குக் கொஞ்சம் தள்ளி. மூன்றாவது பிரிவுக்கு டிபி சிகிச்சை முடிந்த பிறகு. 2008 செப்டம்பரில், வெளியிலிருந்து கண்காணித்த பாதுகாப்புக் குழு கணக்கை எடுத்துப் பார்த்தது. சேர்த்துக் கொடுத்த பிரிவுகளில் சாவு 56 சதவீதம் குறைவு. காத்திருக்கும் பிரிவை உடனே நிறுத்தச் சொல்லிவிட்டார்கள், அதில் இருந்தவர்களுக்கும் மருந்தைத் தொடங்கினார்கள். 2010-இல் கட்டுரை வெளிவந்தது, உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டுதலும் மாறியது.

இன்று ஒரு கிளினிக்கில் இரண்டு நோயும் உள்ளவருக்கு நர்ஸ் யோசிக்காமல் இரண்டு மருந்தையும் எழுதுகிறார் என்றால் அந்த 642 பேர் கிளினிக்குக்கு நடந்த நடைதான் காரணம். புது மருந்து ஒன்றுகூடக் கண்டுபிடிக்கப்படவில்லை என்பதைக் கவனியுங்கள். கேள்வி 'எப்போது' என்பது மட்டும்தான்.

அந்தக் கட்டடங்களுக்குள் என்ன இருக்கிறது

உம்பிலோ ரோட்டில் பஸ்ஸில் போகும்போது நெல்சன் மண்டேலா மருத்துவக் கல்லூரியைப் பார்த்திருப்பீர்கள். 1951-இல் திறந்தார்கள், நிறவெறிக் காலத்தில் வெள்ளையர் அல்லாத மாணவர்களுக்காக. நிறவெறியை எதிர்த்துப் போராடிய ஸ்டீவ் பிக்கோ படித்த இடம். பக்கத்திலேயே கிங் எட்வர்ட் ஆஸ்பத்திரி. அந்த வளாகத்துக்குள்தான் கேப்ரிசா இருக்கும் டோரிஸ் டியூக் கட்டடம், ஆப்பிரிக்க சுகாதார ஆராய்ச்சி நிறுவனத்தின் பரிசோதனைக் கூடம் எல்லாம்.

வார்டும் லேபும் கூப்பிடு தூரத்தில் இருப்பதில் அர்த்தம் இருக்கிறது. இந்த மாகாணத்தின் உள்பகுதியில் துகேலா ஃபெரி என்ற சிற்றூர். 2005 வாக்கில் அங்கிருந்த டாக்டர்கள் ஒன்றைக் கவனித்தார்கள். டிபி மருந்தை ஒழுங்காகச் சாப்பிடுகிறவர்களே செத்துக்கொண்டிருந்தார்கள். சளியை எடுத்து லேபுக்கு அனுப்பினார்கள். எந்த முக்கியமான மருந்துக்கும் அடங்காத டிபி 53 பேரிடம் இருந்தது தெரிந்தது. அந்த 53 பேரில் 52 பேர் இறந்தார்கள். 2006-இல் செய்தி வெளிவந்து உலகமே அதிர்ந்தது. டிபிக்கும் ஹெச்ஐவிக்கும் என்றே உம்பிலோ வளாகத்தில் ஒரு ஆராய்ச்சி நிறுவனம் எழும்பியதும், அது 2016-இல் கிராமப்புற ஆய்வு மையம் ஒன்றோடு இணைந்து ஆப்பிரிக்க சுகாதார ஆராய்ச்சி நிறுவனம் என்ற இன்றைய பெயருக்கு வந்ததும் அதற்குப் பிறகுதான். ஒரு சின்ன ஆஸ்பத்திரி டாக்டருக்கு வந்த சந்தேகம் போய்ச் சேர ஒரு லேப் வேண்டும், லேபில் கிடைத்த பதில் திரும்பிப் போக ஒரு வார்டு வேண்டும்.

எப்படிக் கண்டுபிடிப்பது

சுலபமான வழி, நீங்கள் போகும் கிளினிக்கிலோ ஆஸ்பத்திரியின் சிறப்புப் பிரிவிலோ "இங்கே ஏதாவது ஸ்டடி நடக்கிறதா?" என்று வாயைத் திறந்து கேட்பது. கேட்டால் யாரும் கோபிக்க மாட்டார்கள். தென்னாப்பிரிக்காவில் நடக்கும் மருந்துப் பரிசோதனைகளுக்கு தேசியப் பதிவேடு ஒன்று இருக்கிறது, இணையத்தில் நோயின் பெயரைப் போட்டுத் தேடலாம். ஒவ்வொன்றுக்கும் சுகாதாரத் துறையின் பதிவு எண் இருக்கும். வாட்ஸ்அப்பில் சுற்றும் அழைப்பில் அந்த எண் இல்லையா, விட்டுவிடுங்கள். உங்களிடம் பணம் கேட்டாலும் விட்டுவிடுங்கள். உண்மையான ஸ்டடியில் பரிசோதனைக்கும் ஆய்வு மருந்துக்கும் நீங்கள் ஒரு ரேண்ட் கொடுக்க வேண்டியதில்லை.

பதினெட்டுப் பக்கத்தை எப்படிப் படிப்பது

இங்கே கொஞ்சம் நிதானமாகப் போகலாம். கையெழுத்துப் போடும்போது நடப்பது எல்லாம் இந்தத் தாளில்தான் நடக்கிறது.

அங்கேயே உட்கார்ந்து படிக்காதீர்கள். வீட்டுக்கு எடுத்துக்கொண்டு போக உங்களுக்கு உரிமை இருக்கிறது. எழுத்து மூலமான ஒப்புதல் இல்லாமல், நோக்கம் என்ன, நல்லது கெட்டது என்ன என்று சொல்லாமல் உயிரோடிருக்கும் ஒருவர் மேல் ஆராய்ச்சி செய்யக் கூடாது என்று 2003-ஆம் வருடத்துத் தேசிய சுகாதாரச் சட்டத்தின் 71-ஆம் பிரிவே சொல்கிறது. "இன்றைக்கே போட்டால் நல்லது" என்று யாராவது அவசரப்படுத்தினால் அதுவே ஒரு பதில்.

முதலில் முத்திரையைப் பாருங்கள். ஆராய்ச்சி நியாயமாக நடக்கிறதா என்று பார்க்கும் அறநெறிக் குழு படிவத்தைப் பார்த்து ஒப்புக்கொண்ட தேதி இருக்க வேண்டும். குவாசுலு-நட்டால் பல்கலைக்கழகத்துக்கு என்று ஒரு உயிரியல் மருத்துவ அறநெறிக் குழு உண்டு. ஆய்வு நடத்துகிறவரைப் பற்றியே புகார் செய்ய வேண்டுமானால் இந்தக் குழுவின் தொலைபேசிக்குத்தான் கூப்பிட வேண்டும், எண் கடைசிப் பக்கங்களில் இருக்கும். புது மருந்து என்றால் சாப்ரா என்று சொல்லப்படும் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பின் அனுமதியும் தேவை.

அப்புறம் 'ரேண்டம்' என்ற சொல்லைத் தேடுங்கள். இதை என் அம்மாவுக்கு விளக்க நான் பட்ட பாடு! கடைசியில் திருவுளச்சீட்டு என்றதும் புரிந்துகொண்டார். யாருக்குப் புது மருந்து, யாருக்குப் பழைய மருந்து அல்லது வெற்று மாத்திரை என்பதைக் கணினி சீட்டுப் போட்டு முடிவு செய்யும். டாக்டருக்குப் பிடித்தவர், முதலில் வந்தவர் என்ற பேச்சே இல்லை. பல ஸ்டடிகளில் உங்களுக்கு எது விழுந்தது என்பது உங்களுக்கும் தெரியாது, டாக்டருக்கும் தெரியாது. அம்மா கேட்டார்: "அப்போ எனக்கு வெறும் மாவு உருண்டை கொடுத்து ஏமாத்துவாங்களா?" ஏமாற்றுவது இல்லை, அம்மா, முன்கூட்டியே சொல்லிவிட்டுத்தான் செய்கிறார்கள். ஆனால் ஒன்றைத் தெளிவாகக் கேட்டுக்கொள்ளுங்கள்: "இப்போது நான் சாப்பிடும் மாத்திரையை நிறுத்தச் சொல்வீர்களா?" என் ஸ்டடியில் நான் வழக்கமாகச் சாப்பிடும் சர்க்கரை மாத்திரை மெட்ஃபார்மின் அப்படியே தொடர்ந்தது, அதற்கு மேல்தான் ஆய்வு மாத்திரை. நிறுத்தச் சொல்கிறார்கள் என்றால் எத்தனை வாரம், சர்க்கரை எவ்வளவு ஏறினால் திரும்பத் தொடங்குவார்கள் என்பது படிவத்திலேயே எழுதியிருக்க வேண்டும்.

எத்தனை முறை வர வேண்டும், ஒவ்வொரு முறையும் எவ்வளவு ரத்தம் எடுப்பார்கள் என்று ஒரு அட்டவணை இருக்கும். மில்லிலிட்டரில் போட்டிருப்பார்கள். 5 மில்லி ஒரு டீஸ்பூன். 30 மில்லி என்று பார்த்துப் பயந்தவர்கள் ஆறு டீஸ்பூன் என்றதும் அமைதியாவதைப் பார்த்திருக்கிறேன். அந்த அட்டவணையைக் கிழித்துக் குளிர்பெட்டியில் ஒட்டுங்கள். வேலைக்கு எத்தனை நாள் லீவு போட வேண்டும் என்பதை அதை வைத்துத்தான் கணக்குப் போட முடியும். என் முதலாளி நல்லவர், எல்லோருக்கும் அப்படி வாய்க்காது.

ரத்தத்தைச் சேமித்து வைப்பதற்குத் தனியாக ஒரு கையெழுத்துக் கேட்பார்கள். இங்கேதான் பெரும்பாலோர் பார்க்காமல் டிக் அடிக்கிறார்கள். எத்தனை வருடம் வைத்திருப்பார்கள், மரபணுச் சோதனை செய்வார்களா, வெளிநாட்டு லேபுக்குப் போகுமா? மூன்றையும் கேளுங்கள். தென்னாப்பிரிக்காவிலிருந்து மனித மாதிரிகளை வெளியே அனுப்ப அனுமதி வேண்டும், இரு தரப்பும் கையெழுத்திடும் ஒப்பந்தம் வேண்டும். அந்த ஒப்பந்தத்துக்கு அரசே ஒரு பொது மாதிரியை 2018-இல் வெளியிட்டது. சேமிப்பு என்பது கூடுதல் வேண்டுகோளாக இருந்தால், அதற்கு 'வேண்டாம்' என்று டிக் அடித்துவிட்டு மீதி ஸ்டடியில் சேரலாம். நான் சேமிக்க ஒப்புக்கொண்டேன், வெளிநாட்டுக்கு வேண்டாம் என்றேன். காரணம் கேட்டால் சொல்லத் தெரியாது. என் ரத்தம், என் இஷ்டம்.

ஸ்டடியால் உடம்புக்குக் கேடு வந்தால் சிகிச்சைச் செலவுக்குக் காப்பீடு இருக்கிறதா என்று ஒரு பத்தி வரும். இரண்டு முறை படியுங்கள். ஸ்டடி முடிந்த பிறகும் மருந்து கிடைக்குமா என்ற பத்தியைத் தேடுங்கள், சில சமயம் அது ஒரு வரியில் ஒளிந்திருக்கும். மருந்து உங்களுக்கு நன்றாக வேலை செய்து, மூன்றாம் வருடம் 'நன்றி, போய் வாருங்கள்' என்று சொல்லிவிட்டால் என்ன செய்வீர்கள்?

மொழி பற்றி ஒன்று. படிவங்கள் இங்கே இங்கிலீஷிலும் ஜூலுவிலும் இருக்கும். என் அம்மாவுக்குத் தமிழ் மட்டும்தான் படிக்க வரும். நான் மொழிபெயர்த்துச் சொல்கிறேன் என்றேன், ஸ்டடிக்காரர்கள் ஒத்துக்கொள்ளவில்லை. மகள் சொல்வதைக் கேட்டுத் தாய் கையெழுத்துப் போடுவதை ஒப்புதல் என்று எடுத்துக்கொள்ள முடியாது, தமிழ்ப் படிவம் வேண்டுமென்றால் அதையும் அறநெறிக் குழு பார்த்து ஒப்ப வேண்டும் என்றார்கள். அன்றைக்கு எனக்குக் கோபம். யோசித்துப் பார்த்தால், அம்மாவிடம் நான் எத்தனை பக்கத்தை 'அது ஒன்றுமில்லைம்மா' என்று தாண்டியிருப்பேன் என்று எனக்கே தெரியும். அம்மா சேரவில்லை.

பணம்

ஸ்டடிக்குப் போனால் பணம் தருவார்களாமே என்று கேட்பார்கள். சம்பளம் இல்லை. உங்கள் நேரம், உங்களுக்கு ஏற்படும் சிரமம், டாக்ஸிச் செலவு, இந்த மூன்றுக்கும் ஈடாக ஒரு தொகை. அதையும் அறநெறிக் குழு பார்க்கும். தொகை பெரிதாக இருந்தால் அதற்காகவே ஆபத்தை மறந்து சேர்வார்கள் என்ற கவலை. அதே காரணத்தால் ஒரே நேரத்தில் இரண்டு ஸ்டடியில் இருக்கவும் விட மாட்டார்கள், சில இடங்களில் விரல் ரேகையை வைத்தே சரிபார்ப்பார்கள். உடம்புக்கும் அதுதான் நல்லது. இரண்டு புது மருந்து உள்ளே போனால் எது எதைச் செய்தது என்று யார் சொல்வது?

திருப்பி அனுப்பினால்

கையெழுத்துப் போட்டவுடன் சேர்ந்துவிட்டதாக நினைக்காதீர்கள். முதலில் சோதனை செய்து தகுதி பார்ப்பார்கள். எனக்கு முதல் முறை மூன்று மாதச் சர்க்கரை அளவு 10.8. அவர்களுடைய உச்ச வரம்பு 10. அவ்வளவுதான், வெளியே. பரீட்சையில் தோற்ற மாதிரி அழுதேன். ஆனால் அந்தச் சோதனையில்தான் என் சிறுநீரில் புரதம் கசிவது தெரிந்தது, அந்த ரிப்போர்ட்டை என் டாக்டரிடம் கொண்டுபோனேன். எனவே திருப்பி அனுப்பினாலும் சோதனை முடிவின் நகலைக் கேட்டு வாங்காமல் எழுந்திருக்காதீர்கள்.

சேர்ந்த பிறகு: பொய் சொல்லாதீர்கள்

இதைத் தலைப்பிலேயே போட்டிருக்க வேண்டும்.

2015-இல் வெளிவந்த ஒரு பெரிய ஆய்வு, பெயர் வாய்ஸ். தென்னாப்பிரிக்கா, உகாண்டா, ஜிம்பாப்வே மூன்று நாட்டிலும் சேர்த்து 5,029 பெண்கள், பெரும்பாலோர் இந்த நாட்டவர். ஹெச்ஐவி வராமல் தடுக்க மாத்திரையோ ஜெல்லோ தினமும் பயன்படுத்த வேண்டும். பெண்கள் சொன்ன கணக்குப்படி 90 சதவீதம் ஒழுங்காகப் பயன்படுத்தினார்கள். ரத்தத்தைச் சோதித்தபோது மருந்து தென்பட்டது நான்கில் ஒரு மாதிரியில், மிஞ்சிப்போனால் பத்தில் மூன்றில். முடிவு: எதுவும் பலனளிக்கவில்லை. மருந்து தோற்றதா, மருந்தைத் தொடாததால் தோற்றதா? கேள்விக்குப் பதில் கிடைக்காமலேயே அத்தனை உழைப்பும் போனது.

எனக்கு அந்தப் பெண்கள் மேல் கோபம் வரவில்லை. தீபாவளி முடிந்த வாரம் டாக்டர் "இனிப்புச் சாப்பிட்டீர்களா?" என்று கேட்டால் நாம் என்ன சொல்கிறோம்? திட்டுவார்களோ, அனுப்பிவிடுவார்களோ, வீட்டில் மாத்திரையைப் பார்த்தால் புருஷன் என்ன நினைப்பானோ என்று எத்தனையோ. ஆனால் மாத்திரையை நான்கு நாள் மறந்தேன் என்று சொன்னதற்காக என்னை யாரும் திட்டியதில்லை. சிஸ்டர் எழுதிக்கொண்டார், ஏன் என்று கேட்டார், அதையும் எழுதிக்கொண்டார். மறதியும் அவர்களுக்கு ஒரு பதில்தான்.

அதே மாதிரி விரதம். தைப்பூசக் காவடிக்குப் பத்து நாள், புரட்டாசி முழுதும் மாமிசம் இல்லாமல், சிலர் ஒரு வேளை மட்டும். சாப்பாடு மாறினால் சர்க்கரை மாறும், அவர்களுக்கோ காரணம் தெரியாது. எங்கள் ஆலோசனைக் குழுவில் நான் உருப்படியாகச் செய்த ஒரே காரியம், புரட்டாசியில் முக்கியமான ரத்தப் பரிசோதனை வைக்காதீர்கள் என்று மூன்று கூட்டத்தில் கத்தி ஒத்துக்கொள்ள வைத்ததுதான். மீதி நேரமெல்லாம் போன கூட்டத்துக் குறிப்பைப் படித்து முடிக்கவே சரியாக இருக்கிறது.

நாட்டு மருந்து, கஷாயம், வெந்தயப் பொடி, பாகற்காய்ச் சாறு எல்லாவற்றையும் சொல்லுங்கள். 'இது சாப்பாடுதானே' என்று விட வேண்டாம்.

பக்க விளைவு வந்தால் அடுத்த வருகை வரை காத்திருக்க வேண்டாம். இருபத்துநான்கு மணி நேரமும் எடுக்கும் ஒரு எண் தந்திருப்பார்கள், ஸ்டடியில் இருப்பதாகச் சொல்லும் சின்ன அட்டையும் தருவார்கள். அட்டையைப் பர்ஸில் வையுங்கள். வேறு ஆஸ்பத்திரியில் மயங்கிக் கிடந்தால் அங்கே உள்ளவர்களுக்கு அதுதான் பேசும்.

எப்போது வேண்டுமானாலும் விலகலாம், காரணம் சொல்ல வேண்டியதில்லை, உங்கள் வழக்கமான சிகிச்சைக்குப் பாதிப்பு வரக் கூடாது. ஆனால் சொல்லிவிட்டு விலகுங்கள். சில மருந்துகளைத் திடீரென்று நிறுத்தினால் ஆபத்து.

முடிந்த பிறகு

என் மனத்தாங்கல் இங்கேதான். நான் மூன்று வருடம் போய்வந்த ஸ்டடி முடிந்தது, ஒரு நன்றிக் கடிதமும் துணிப்பையும் தந்தார்கள். முடிவு என்ன ஆனது என்று ஒருவரும் சொல்லவில்லை. ஒன்றரை வருடம் கழித்து நானே போன் மேல் போன் போட்டுக் கேட்டு வாங்கினேன். எனக்கு விழுந்தது வெற்று மாத்திரை. சிரிப்புத்தான் வந்தது, மூன்று வருடம் அதை வேளை தவறாமல் சாப்பிட்டிருக்கிறேன். ஆகவே சேரும் நாளிலேயே கேளுங்கள்: முடிவை எனக்கு எப்படிச் சொல்வீர்கள், எப்போது? பதிலைப் படிவத்தின் ஓரத்தில் எழுதச் சொல்லுங்கள்.

கேள்விக்குப் பதில் கிடைத்தாலும் அது கிளினிக் ஜன்னலுக்கு வந்து சேர வருடக்கணக்காகும். எங்கள் தெருவில் ஒரு அண்ணன், லாரி ஓட்டியவர். மருந்துக்கு அடங்காத டிபி வந்து மாதக்கணக்கில் தினமும் ஊசி போட்டார்கள். டிபி போனது, காதும் போனது. இப்போது வாசலில் நின்று கூப்பிட்டால் அவருக்குக் கேட்காது, நாய் குரைப்பதைப் பார்த்துத்தான் வெளியே வருவார். அந்த வகை ஊசியின் தெரிந்த பக்க விளைவு அது. பெடாகுவிலின் என்ற மாத்திரைக்கு அமெரிக்கா 2012 கடைசியில் அனுமதி தந்தது. அது ஊசியின் இடத்தைப் பிடிக்க முடியுமா என்று இங்கே நோயாளிகளிடம் பார்த்துப் பார்த்து, 2018 ஜூனில்தான் தென்னாப்பிரிக்கா ஊசிக்குப் பதில் அந்த மாத்திரை என்று அறிவித்தது. உலக சுகாதார நிறுவனம் அதே வருடம் பின்னால் வந்தது. அண்ணனுக்கு அது பிந்திவிட்டது.

அதே மாத்திரையோடு இன்னும் இரண்டைச் சேர்த்து, கடுமையான டிபியை ஆறு மாதத்தில் முடிக்க முடியுமா என்று தென்னாப்பிரிக்காவில் 109 பேரிடம் பார்த்தார்கள். 98 பேருக்கு நல்ல முடிவு, அதாவது 90 சதவீதம். துகேலா ஃபெரியின் 53-ஐயும் 52-ஐயும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அதே அறிக்கையில் இன்னொரு எண்ணும் இருக்கிறது: 81 சதவீதம் பேருக்குக் கை கால் நரம்பு பாதித்து மரத்துப்போதலும் எரிச்சலும் வந்தது. அவர்கள் அதை மறைக்காமல் சொன்னதால்தான் பிறகு வந்த ஆய்வுகளில் ஒரு மருந்தின் அளவைக் குறைத்துப் பார்த்தார்கள்.

சரி, அக்கா விஷயத்துக்கு வருகிறேன். கூழ் வாங்கிக்கொண்டு ஓரமாக உட்கார்ந்து பதினெட்டுப் பக்கத்தையும் புரட்டினோம். கோவில் அழைப்பிதழின் பின்பக்கத்தில் ஏழு கேள்வி எழுதினார், முதலாவது 'உங்களுக்குத் தெரியாதது என்ன?' அந்த வாரமே போய்க் கேட்டிருக்கிறார். பதில் ஒன்றரை வாக்கியத்தில் வந்ததாம்: தினமும் காலையில் சாப்பிடும் மாத்திரையை இரவில் சாப்பிட்டால் விடியற்காலைச் சர்க்கரை குறைகிறதா, இல்லையா. ஆறு கேள்விக்குப் பதில் வாங்கிவிட்டார். ஏழாவது, முடிவை எப்படிச் சொல்வீர்கள் என்பது. விசாரித்துச் சொல்கிறோம் என்றிருக்கிறார்கள். அது வரட்டும், அப்புறம் கையெழுத்து என்கிறார்.

பதில் தருவதாகச் சொன்ன நாள் வியாழக்கிழமை காலை ஏழு மணி. ஒருவேளை அன்றைக்கே கையெழுத்தானால் ரத்தமும் எடுக்கலாம் என்று வெறும் வயிற்றோடு வரச் சொல்லியிருக்கிறார்கள். நானும் கூடப் போகிறேன். டப்பாவில் இரண்டு ரொட்டியும் பீன்ஸ் கறியும் வைத்திருக்கிறேன், எல்லாம் முடிந்த பிறகு அவர் சாப்பிட.